விளக்கேற்றிப் புறப்படுவோம்

அந்தி சாய்ந்ததும் விளக்கேற்றுவது நம் வீட்டு வழக்கம். கூரை வீடாயினும் மாடி வீடாயினும், பொழுது இறங்கும் வேளையில் வாசலில் ஒரு சுடர் எரிய வேண்டும் என்று நம் பாட்டிமார் பிடிவாதமாக இருந்தனர். மாடத்து விளக்கு வீட்டிற்குள் இருப்பவர்க்காக மட்டும் ஏற்றப்பட்டதன்று. தெருவில் நடப்பவனுக்கு, இங்கே ஒரு வீடு இருக்கிறது, இங்கே மனிதர் இருக்கின்றனர் என்று அறிவிப்பதற்காகவும் அஃது ஏற்றப்பட்டது.

இத்தகைய மரபில் வந்த நாம், வீட்டை விட்டு வெளியேறி மிதிவண்டியில் ஏறியவுடன் அந்த வழக்கத்தை எங்கே தொலைத்தோம்? இரவு எட்டு மணிக்கு நம் விடுதி வாயிலில் நின்று பாருங்கள். நூலகத்திலிருந்தும் ஆய்வுக்கூடத்திலிருந்தும் மிதிவண்டிகள் வரிசையாக வரும். அவற்றுள் விளக்குள்ளவை எத்தனை என்று விரல் விட்டு எண்ணலாம். எண்ணி முடித்த பின்பும் ஒரு கையில் விரல் மிஞ்சியிருக்கும். படித்தவர் கூடி வாழும் இடத்தின் நிலை இது. அப்படியானால் நம் ஊர்ப்புறச் சாலைகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

மாணவர் சங்க இதழில் எழுதுவதற்கு மிதிவண்டி விளக்குத்தானா கிடைத்தது என்று சிலர் நகைக்கலாம். மொழி உண்டு, நாடு உண்டு, வேலையில்லாத் திண்டாட்டம் உண்டு. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரு சிறு விளக்கைப் பற்றி இத்தனை பக்கமா என்று கேட்கலாம். அவர்கட்கு விடையாக, என் வாழ்வில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எல்லைப்புறத்து இரவு

என் ஊர் பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் இருக்கிறது. கேரளத்திற்குள் இருந்தாலும் தமிழ் ஒலிக்கும் மண் அது. வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லை நெடுக ஊர்கள். ஒரு காலை இந்த மாநிலத்திலும் மறு காலை அந்த மாநிலத்திலும் வைத்து வாழும் மக்கள். காலையில் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனவர் மாலையில் சித்தூர்ப் பக்கம் திரும்புவர். பால், காய்கறி, தேங்காய், வைக்கோல், கூலியாள் எல்லாம் எல்லையைக் கடந்து போய் வரும். இப்போக்குவரத்தில் பேருந்துக்கும் இருசக்கர மோட்டார் வண்டிக்கும் அடுத்தபடியாக ஏழையின் துணை இன்றும் மிதிவண்டியே.

விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது ஒருநாள் இரவு நண்பன் வீட்டிலிருந்து என் பழைய மிதிவண்டியில் திரும்பிக் கொண்டிருந்தேன். வண்டியில் விளக்கு இல்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. சிறுவயது முதல் போய் வந்த வழி. எந்த இடத்தில் பள்ளம், எந்தப் பனைமரத்தடியில் திருப்பம் என்பதெல்லாம் என் கால்களுக்கே மனப்பாடம். ஒரு வளைவில் திரும்பியபோது திடீரென்று எதிரில் ஏதோ கருமையாக எழுந்தது. மறுகணம் நான் சாலையோரப் புதரில் கிடந்தேன். நெஞ்செல்லாம் ஈரம். இரத்தமோ என்று நடுங்கினேன். அது பால்!

எதிரே வந்தவர் ஒரு பால்காரப் பெரியவர். அவர் வண்டியிலும் விளக்கு இல்லை. இரண்டு பால் கேன்களும் கவிழ்ந்து கிடந்தன. அவருடைய வலக்கை மணிக்கட்டு முறிந்திருந்தது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு அவர் சொன்ன சொல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது: “எனக்கு வழி நல்லாத் தெரியுந் தம்பி. நீ வர்றதுதான் தெரியலே.”

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். இரண்டு மாதம் அவரால் கறக்க முடியவில்லை; மிதிக்கவும் முடியவில்லை. அவர் மகன் தன் வேலையை விட்டுவிட்டுப் பால் ஊற்றினான். என் தந்தை மருத்துவச் செலவைக் கொடுத்தார். ஆனால் அந்த இரண்டு மாத வாழ்க்கையை யார் திருப்பிக் கொடுக்க முடியும்? எனக்கு முழங்காலில் ஒரு தழும்பு மட்டுமே மிச்சம். எனக்கும் வழி தெரியும். அவருக்கும் வழி தெரியும். வழி தெரிந்த இருவர் மோதிக்கொண்டோம். இதுவே நான் கற்ற பாடம்.

காண்பதும் காணப்படுவதும்

விளக்கு எதற்கு என்று கேட்டால், வழி தெரிவதற்கு என்று உடனே விடை சொல்வோம். அவ்விடையில் பாதி உண்மைதான் உண்டு. விளக்கிற்கு இரண்டு பணிகள்: ஒன்று நாம் காண்பது, மற்றொன்று நாம் காணப்படுவது. முதற்பணியை மட்டும் நினைக்கின்றவன், ‘எனக்குத்தான் வழி தெரியுமே’, ‘இங்கேதான் தெருவிளக்கு எரிகிறதே’, ‘நிலவு இருக்கிறதே’ என்று சாக்குச் சொல்லித் தப்பிக்கிறான். இரண்டாவது பணியை நினைத்தால் எந்தச் சாக்கும் நில்லாது. நிலவொளியில் நமக்குச் சாலை தெரியலாம். ஆனால் முகவிளக்கின் வெளிச்சத்திற்குப் பழகிய கண்ணோடு வரும் லாரி ஓட்டுநருக்கு நாம் தெரிவோமா?

சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஒரு பொருளைக் கண்டு, அஃது இன்னதென்று உணர்ந்து, காலைத் தடையின்மேல் வைப்பதற்குள் இரண்டு நொடி ஓடிவிடும் என்று கொள்வோம். அதற்குள் 33 மீட்டர் போயிற்று. தடையை அழுத்திய பின்பும் வண்டி உடனே நின்றுவிடாது. காய்ந்த சாலையில் நல்ல தடையுள்ள காருக்கே இன்னும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று மீட்டர் வேண்டும். ஆக, கண்ட இடத்திலிருந்து நிற்கும் இடம்வரை 55 மீட்டருக்குக் குறையாது. பாரம் ஏற்றிய லாரியாயின் இன்னும் மிகும். மழை நனைத்த சாலையாயின் அதற்கும் மேலே போகும்.

இனி எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். தாழ்த்திய முகவிளக்கின் ஒளியில், கருநிற உடை அணிந்து விளக்கின்றிச் செல்பவன் பெரும்பாலும் முப்பது மீட்டருக்கு அருகில் வந்த பின்பே கண்ணுக்குப் புலப்படுகிறான். நிற்பதற்கு ஐம்பத்தைந்து வேண்டும், தெரிவதோ முப்பதில்! இடைப்பட்ட இருபத்தைந்து மீட்டரில்தான் உயிர் போகிறது. ஓட்டுநர் குடிகாரராக இருக்க வேண்டியதில்லை. கொடியவராக இருக்க வேண்டியதில்லை. நல்லவர் ஓட்டினாலும் கணக்கு மாறாது. அதே மிதிவண்டியின் பின்னால் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுங்கி, 150 மீட்டர் தொலைவில் தெரிந்துவிட்டால், ஓட்டுநருக்கு ஒன்பது நொடி கிடைக்கிறது. அவர் வேகத்தைக் குறைக்கலாம், ஒதுங்கிப் போகலாம், ஒலி எழுப்பலாம். கட்டைவிரல் அளவுள்ள அந்த விளக்கு நமக்கு வாங்கித் தருவது அந்த ஒன்பது நொடியைத்தான்.

எதிரெதிரே இரண்டு வண்டிகள் வரும்போது நிலைமை இன்னும் மோசம். எதிர்வண்டியின் முகவிளக்குக் கண்ணைக் கூசச் செய்யும். அந்தக் கூச்சத்தில் சாலையோரம் செல்லும் மிதிவண்டிக்காரன் முற்றிலும் மறைந்தே போகிறான். நம் முதியோர் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்து சென்றனர். ஓரளவுக்கு அந்த வெண்மையே அவர்கட்குக் காவலாயிற்று. நாமோ கறுப்புப் பனியன், கறுப்புக் கால்சட்டை, கறுப்புப் பை என்று இருளோடு இருளாகப் போகின்றோம். சிவப்பு உடை பளிச்சென்று தெரியும் என்று நினைப்பவரும் உண்டு. பகலில் தெரியும், மங்கிய ஒளியில் சிவப்பும் கறுப்பாகவே தோன்றும். இது கண்ணின் இயற்கை.

கணவாயும் மலையும்

நம் எல்லைப்புறத்திற்கென்று சில தனி நிலைமைகள் உண்டு. நாம் வாழ்வது நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பத்து, பதினொரு பாகையில். இங்கே அந்தி நெடுநேரம் நீடிப்பதில்லை. கதிரவன் மறைந்த கால்மணி, இருபது நிமிடத்திற்குள் இருள் கவிந்துவிடும். ‘வெளிச்சம் இருக்கும்போதே போய்விடலாம்’ என்று புறப்படுபவன் பாதி வழியிலேயே இருளில் சிக்கிக்கொள்வான். மலைப்பகுதியிலோ கதிரவன் அடிவானத்தைத் தொடுமுன்னரே மேற்கு முகட்டின் பின்னால் ஒளிந்துவிடுகிறான். பள்ளத்தாக்கில் பொழுது முன்னதாகவே இருட்டும். அதன்மேல் மூடுபனியும் இறங்கும்.

பாலக்காட்டுக் கணவாயின் காற்றை அறியாதவர் நம்முள் யார்? மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்திற்குத் திறந்து கிடக்கும் வாயில் அது. தென்மேற்குப் பருவக் காற்று அவ்வழியே பாயும்போது, எதிர்க்காற்றில் மிதிப்பவன் தலையைக் குனிந்துகொண்டுதான் மிதிக்க வேண்டும். பக்கக் காற்றோ வண்டியைச் சாலையின் நடுவுக்கே தள்ளிவிடும். மழையும் சேர்ந்துவிட்டால் குடையை ஒரு கையில் பிடித்து மறுகையால் ஓட்டும் வீரர்களும் நம் ஊரில் உண்டு! இந்நிலையில், பின்னால் வருபவருக்கு நம் இருப்பை அறிவிக்க ஒளியை விட்டால் வேறு என்ன வழி? மணியடித்தால் காற்றிலும் மழையிலும் யாருக்குக் கேட்கும்?

சாலைகளும் மாறிவிட்டன. வாளையாரிலிருந்து பாலக்காட்டின் வழியே செல்லும் நெடுஞ்சாலை இன்று நான்கு வழிச்சாலை. முன்பு வாளையாரில் வணிகவரிச் சோதனைக்காக லாரிகள் மைல் கணக்கில் வரிசையாக நின்று கிடந்தன. 2017-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சரக்கு, சேவை வரி வந்த பின் அக்காட்சி மறைந்தது. நாட்டு வணிகத்திற்கு அது நன்மையே. ஆனால் நின்று கிடந்த லாரி இன்று ஓடுகிறது. ஓடுகின்ற லாரியின் ஓரத்தில்தான் கஞ்சிக்கோட்டு ஆலைத் தொழிலாளி இரவுப் பணி முடிந்து மிதித்து வருகிறார். சாலை விரிந்தது, வேகம் கூடியது, அவர் மிதிவண்டி மட்டும் பழைய இருளிலேயே இருக்கிறது.

இடுக்கி எல்லையில் வேறொரு காட்சி. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை என்று தேயிலையும் ஏலமும் விளையும் அம்மலைகளில் தமிழர் உழைப்புத் தலைமுறை தலைமுறையாகக் கலந்திருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் இன்றும் கூலியாட்கள் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி ஏலத் தோட்டங்களுக்குப் போகின்றனர். மலைச்சாலையில் மிதிவண்டி குறைவு. அது செங்குத்தான ஏற்றம். ஆனால் ஜீப் புறப்படும் இடம்வரை வருவதற்கு அடிவாரத்து ஊர்களில் மிதிவண்டி வேண்டும். விடியற்காலை நாலு மணியும் இரவுதான் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். சோற்றுத் தூக்கை மாட்டிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தோடு, விளக்கின்றி விரைகின்ற அவர்களுக்கு எதிரே, அதே சாலையில், அவர்களைப் போன்றவர்களையே ஏற்றிக்கொண்டு ஜீப்புகளும் விரைகின்றன.

எண்ணிப் பார்த்தால் இதில் ஒரு வேதனையான வேடிக்கை இருக்கிறது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940-இல் மூணாற்றுக்கு அருகில்தான் இயங்கத் தொடங்கிற்று. 1976-இல் செயற்படத் தொடங்கிய இடுக்கி மின் நிலையத்தின் திறன் 780 மெகாவாட். முல்லைப்பெரியாற்று நீர் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்குமிடத்தில், கூடலூரை அடுத்த லோயர் கேம்பிலும் மின்சாரம் எடுக்கின்றனர். கஞ்சிக்கோட்டிலே காற்றாலைகள் சுழல்கின்றன. இரு மாநிலங்களுக்கும் ஒளி வழங்கும் மண்ணில், உழைப்பாளியின் வண்டியில் மட்டும் ஒரு வாட் வெளிச்சம் இல்லை!

பழைய சட்டமும் புதிய மறதியும்

முன்பு இப்படி இல்லை. 1956 நவம்பர் முதல் நாள் வரையில் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அக்காலத்தில் சென்னை மாநிலத்து நகரங்களில் இரவில் விளக்கில்லாமல் மிதிவண்டி ஓட்டினால் காவலர் நிறுத்துவார், அபராதம் விழும், அல்லது சக்கரத்தின் காற்றைப் பிடுங்கி விடுவார். என் பாட்டனார் இளமையில் மண்ணெண்ணெய் விளக்கைக் கைப்பிடிக்கு முன்னால் மாட்டிக்கொண்டு போவாராம். காற்றில் விளக்கு அணைந்துவிட்டால், தொலைவில் சிவப்புத் தலைப்பாகை தெரிந்தவுடன் குதித்து இறங்கி, நல்ல பிள்ளைபோல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பாராம். காவலர் கடந்து போனதும் மறுபடியும் ஏறுவாராம். சிரிப்பு மூட்டும் கதைதான். ஆயினும் அதில் ஓர் உண்மை இருக்கிறது: விளக்கின்றி ஓட்டுவது தவறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கோ அது தவறென்றே தெரியாமற் போயிற்று.

பின்னர் டைனமோ வந்தது. சக்கரத்தில் உராய்ந்து சுழலும் ஒரு சிறு குப்பி. அதனுள்ளே ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள். 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்தூண்டல் தத்துவம், நம் ஊர் உழவன் காலடியில் வந்து வேலை செய்தது! ஆறு வோல்ட்டு, மூன்று வாட் வெளிச்சம். எண்ணெய் வேண்டாம், திரி வேண்டாம், மிதித்தால் எரியும். அதற்கும் குறை உண்டு. ஏற்றத்தில் மெல்ல மிதித்தால் மங்கும், நின்றால் அணையும், மிதிப்பதும் சற்றுக் கனக்கும். எனினும் டைனமோ பூட்டிய மிதிவண்டி வைத்திருப்பது அன்று ஒரு பெருமையாக இருந்தது. மணமகனுக்குச் சீராகக் கொடுக்கும் மிதிவண்டியில் டைனமோ உண்டா என்று கேட்ட காலமும் ஒன்று இருந்தது.

பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின. மிதிவண்டிக்கு உள்ளாட்சி மன்றங்கள் கொடுத்த உரிம வில்லை மறைந்தது. காவலரின் கண் மோட்டார் வண்டிகளின்மீது சென்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் பெயருக்கேற்ப மோட்டார் வண்டிகளுக்கானதே. மிதிவண்டி அதன் கணக்கில் வாராது. புதுப் பாணி மிதிவண்டிகள் வந்தபோது பல்சக்கரம் வந்தது, அதிர்வு தாங்கி வந்தது, வண்ண வண்ணப் பூச்சு வந்தது. விளக்கு மட்டும் காணாமற் போயிற்று. ஒளியை எதிரொளிக்கும் வில்லைகள் தரமாக இருக்க வேண்டுமென்று நடுவணரசு 2020-இல் ஆணை பிறப்பித்தது. நல்லதே. ஆனால் எதிரொளி வில்லை தானாக ஒளிராது. வேறொருவர் விளக்கு அதன்மேல் நேராக விழுந்தாலன்றி அஃது ஊமை. கொண்டையூசி வளைவில் திரும்பும் வண்டியின் முகவிளக்கு நம்மேல் விழுவதற்குள் வண்டியே நம்மேல் விழுந்துவிடும். சேறும் புழுதியும் படிந்தால் அவ்வில்லையும் குருடுதான். வில்லையும் வேண்டும், விளக்கும் வேண்டும்.

மேலை நாடுகளில் இதை எவ்வாறு கொள்கின்றனர்? இங்கிலாந்திலும் செருமனியிலும் இரவில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இல்லாமல் மிதிவண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். தென்மார்க்கு நாட்டின் ஓடன்சே நகரில் 2004, 2005-ஆம் ஆண்டுகளில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 3,845 மிதிவண்டியாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் பகலிலும் இரவிலும் ஓயாமல் எரியும் விளக்குகளைப் பூட்டினர். சக்கரக் கம்பியில் கட்டிய காந்தத்தால் உராய்வின்றியே எரியும் விளக்குகள் அவை. ஓராண்டு முடிவில் விளக்குள்ள பிரிவினர்க்குக் காயம் விளைத்த விபத்துகள் 19 விழுக்காடு குறைவாக இருந்தன. மிதிவண்டிக்கென்றே தனிப் பாதைகள் அமைந்த நாட்டிலேயே விளக்கு இவ்வளவு நன்மை செய்தது என்றால், லாரியும் மாட்டு வண்டியும் மிதிவண்டியும் ஒரே கறுப்புக் கோட்டில் போகும் நம் நாட்டில் அதன் அருமை எத்தகையது!

இந்தியச் சாலைகளில் 2022-ஆம் ஆண்டு மட்டும் 1,68,491 பேர் மாண்டனர் என்று நடுவணரசின் அறிக்கை கூறுகிறது. அவருள் மிதிவண்டியில் சென்றோர் நாலாயிரத்திற்கு மேற்பட்டவர். நாலாயிரம் குடும்பங்கள்! அவை பெரும்பாலும் அன்றாடக் கூலியால் அடுப்பெரியும் குடும்பங்களாகவே இருக்கும். வசதியுள்ளவர் வேலைக்கு மிதிவண்டியில் போவது நம் நாட்டில் அரிது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இங்கே ஒரு நண்பர் குறுக்கிட்டுக் கேட்டார்: “சாலையில் விளக்குப் போடாதது அரசின் குற்றம். ஓரப்பாதை அமைக்காதது பொறியாளர் குற்றம். கண் கூசும்படி விளக்கை உயர்த்தி ஓட்டுவது பணக்காரன் குற்றம். இவ்வளவு பேரையும் விட்டுவிட்டு, இருப்பவர்களுள் எளியவனான மிதிவண்டிக்காரன் தலையிலா பழியைப் போடுகிறீர்?”

கேள்வி நியாயமானது. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் ஒப்புக்கொள்கிறேன். பழைய நாள் அபராத முறை மீண்டும் வரவேண்டும் என்பதும் என் கருத்தன்று. அன்றாடங் காய்ச்சியின் சட்டைப் பையில் கைவைக்கும் சட்டம் அவனுக்கு ஒளி தராது. வேறொரு வழியாக ஒளிந்து போகவே கற்றுக் கொடுக்கும். ஆயின், குற்றம் யாருடையது என்பது ஒரு கேள்வி. எலும்பு யாருடையது என்பது வேறொரு கேள்வி. வழக்கு மன்றத்தில் தீர்ப்பு நம் பக்கம் இருக்கலாம். முறிந்த கை நம்முடையதே. அரசைத் தட்டிக் கேட்கும் உரிமையை விட்டுவிட வேண்டாம். அந்தத் தெருவிளக்கு வரும்வரை இருளில் போய்க்கொண்டிருக்கவும் வேண்டாம். அதற்கும் மேலே ஒன்று: விளக்கின்றிப் போகின்றவன் தன்னை மட்டுமா ஆபத்திற்குள்ளாக்குகிறான்? அந்தப் பால்காரப் பெரியவரின் மணிக்கட்டை முறித்தது எந்த அரசும் அன்று. எந்த லாரியும் அன்று. நான்.

வேறு சிலர், கைபேசியின் விளக்கு இருக்கிறதே என்பர். ஒரு கையில் அதைப் பிடித்தால் ஒரு தடையை விட்டுவிட வேண்டும். அது தரையைக் காட்டும். அல்லது எதிரே வருபவன் கண்ணைக் குத்தும். பின்னால் வருபவனுக்கோ ஒன்றும் தெரியாது. முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு என்று உலகம் வகுத்திருப்பது அழகுக்காகவன்று. வெள்ளை தெரிந்தால் நம்மை நோக்கி வருகிறது, சிவப்பு தெரிந்தால் நம்மை விட்டுப் போகிறது என்று ஒரு நொடியில் அறிவதற்காக. நிறத்தை மாற்றி மாட்டுவது பொய் சொல்வதற்கு ஒப்பாகும்.

விலை அதிகம் என்பாரும் உண்டு. இன்று சிறு எல்.இ.டி. விளக்குகள் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. கைபேசிக்கு மின்னேற்றும் கம்பியாலேயே மின்னேற்றிக்கொள்ளலாம். ஒரு வெள்ளிக்கிழமை இரவுப் பரோட்டாச் செலவுதான்! திருடிவிடுவர் என்றால், கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளும் வகை வாங்கலாம்.

நம்மால் ஆவது

மிதிவண்டி வெறும் இரும்பன்று, அது விடுதலை. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். தண்ணீருக்கும் சந்தைக்கும் பிறர் கையை எதிர்பார்த்து நின்றவர்கள் தாமே மிதித்துப் போயினர். 2001-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு அரசு பள்ளி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்னர் அது மாணவர்க்கும் விரிந்தது. நம்முள் பலர் அந்த மிதிவண்டியில் மேல்நிலைப் பள்ளிக்குப் போய், அதன் பயனாகவே இந்த வளாகத்தில் காலெடுத்து வைத்தவர்கள். ஆனால் மாலை ஆறு மணிக்குமேல் வெளியே போகாதே என்று பெண்ணைத் தடுக்கும் வீட்டில், மிதிவண்டி தந்த விடுதலை பகலோடு முடிந்துவிடுகிறது. விளக்கு அந்த விடுதலையை இரவுக்கும் நீட்டுகிறது. ஆகவே விளக்கு பூட்டு என்பதை ஒரு கட்டுப்பாடாக எண்ணாமல், இரவையும் நமதாக்கிக்கொள்ளும் உரிமையாக எண்ண வேண்டும்.

நம் சங்கம் செய்யக் கூடியவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவதாக, விடுதி வாயிலில் திங்கள்தோறும் ஒரு மாலை விளக்கு மாலையாக அமையட்டும். வருகின்ற மிதிவண்டிகளை நிறுத்தி, விளக்கு உண்டா, தடை பிடிக்கிறதா என்று பார்ப்போம். அபராதம் வேண்டாம், ஏச்சும் வேண்டாம். இல்லாதவர்க்கு அடக்க விலையில் ஒன்று கொடுப்போம். இரண்டாவதாக, மொத்தமாக வாங்கினால் விலை குறையும். அந்த மிச்சத்தில் நம் விடுதிச் சமையலறைப் பணியாளர்க்கும் இரவுக் காவலர்க்கும் விளக்கு வாங்கிக் கொடுக்கலாம். நமக்காக விடியுமுன் மிதித்து வருபவர்கள் அவர்கள்தாமே! மூன்றாவதாக, விடுமுறையில் ஊர் செல்லும் எல்லைப்புற நண்பர்கள் ஆளுக்குப் பத்து விளக்குகள் கொண்டு செல்லட்டும். பால் கூட்டுறவுச் சங்க வாசலில், ஜீப் புறப்படும் இடத்தில், கள்ளிறக்கும் தோப்பருகில் நின்று, தமிழிலும் மலையாளத்திலும் நாலு சொல் சொல்லி, நம் கையாலேயே பூட்டிக் கொடுப்போம். பேச்சைவிடத் திருப்புளி அதிகம் பேசும். நான்காவதாக, அரசு வழங்கும் மிதிவண்டி ஒவ்வொன்றும் முன்னும் பின்னும் விளக்கோடுதான் மாணவர் கையில் சேர வேண்டும் என்றும், எல்லைச் சாலைகளில் இரு மாநிலமும் கலந்து தெருவிளக்கு நிறுத்த வேண்டும் என்றும் கையெழுத்து வாங்கி அனுப்புவோம்.

மாநில எல்லையில் தூண் நட்டு இந்தப் பக்கம் உன்னது, அந்தப் பக்கம் என்னது என்று வகுக்கலாம். இருளுக்கு அத்தூண் தெரியாது. ஒளிக்கும் தெரியாது. சிவப்பு விளக்கைக் கண்ட ஓட்டுநர், போகிறவன் தமிழனா மலையாளியா என்று கேட்பதில்லை. முன்னே ஒரு மனிதன் போகிறான் என்று மட்டும் அறிகிறார். அந்த அறிவுதான் வேண்டும்.

சென்ற விடுமுறையில் அந்தப் பால்காரப் பெரியவர் வீட்டிற்குப் போனேன். கையில் ஒரு சிறு பொட்டலம். முன்விளக்கு ஒன்று, பின்விளக்கு ஒன்று. அவர் வண்டியில் நானே பூட்டினேன். திருகும்போது அவர் வலக்கையைப் பார்த்தேன். மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்: “இனிமே நீ வந்தாலும் எனக்குத் தெரியும். உனக்கும் போட்டியா தம்பி?”

போட்டுவிட்டேன் ஐயா என்று சொல்ல முடிந்தது. நண்பர்களே, அந்தக் கேள்வியை உங்களிடம் யாரேனும் கேட்குமுன், இன்று மாலையே விளக்கைப் பூட்டிவிடுங்கள். பொழுது இறங்கிக்கொண்டிருக்கிறது.